வீடா, ஆஃபீஸா, யாருக்கு எது நியாயம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச்சில் கோடிக்கணக்கானவர்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். போகச் சொன்னபோது யாரும் விதி எழுதவில்லை, எழுத நேரமும் இல்லை. திரும்பி வரச் சொன்னபோதுதான் விதிகள் முளைத்தன, சச்சரவும் கூடவே வந்தது. ஹெச்.ஆர். பக்கம் உட்கார்ந்து பணியாளர்களின் குறைகளைக் கேட்பது என் வேலை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கும்.

எல்லாருக்கும் வாரம் மூன்று நாள் ஆஃபீஸ் என்று ஒரே விதிதானே போட்டிருக்கிறார்கள். இதில் என்ன அநியாயம்?

நாள் கணக்கு எல்லாருக்கும் ஒன்றுதான். அந்த நாளுக்கு ஒவ்வொருவரும் கொடுக்கும் விலை வேறு. பத்து நிமிடம் நடந்து வருபவரும், இரண்டு வண்டி மாறி ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வருபவரும் ஒரே விதிக்கு வேறு வேறு விலை கொடுக்கிறார்கள். ஆனால் அதற்காக ஆளுக்கொரு விதி போடவும் முடியாது. அப்படிப் போட்டால் அடுத்த மாதமே அது பேரம் பேசுகிற இடமாகிவிடும்.

என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை நாள் எண்ணிக்கையைப் பற்றியவை அல்ல, விலக்கைப் பற்றியவை. பத்துப் பேர் உள்ள டீமில் இரண்டு பேர் வருவதே இல்லை. ஏன் என்று கேட்டால் மேனேஜர் "அது ஸ்பெஷல் கேஸ்" என்கிறார். அந்த இருவருக்கும் உண்மையிலேயே தகுந்த காரணம் இருக்கலாம். ஆனால் எதற்கெல்லாம் விலக்கு உண்டு, யாரிடம் கேட்பது, யார் முடிவு செய்வது என்று எங்கும் எழுதி வைக்காதபோது, மீதி எட்டுப் பேர் கண்ணுக்கும் அது முகம் பார்த்துக் கொடுத்த சலுகையாகத்தான் தெரியும். ஒருவரின் நோயையோ குடும்ப நிலைமையையோ ஊரறியச் சொல்ல வேண்டியதில்லை. விலக்கு கேட்கும் வழி எல்லாருக்கும் தெரிந்திருந்தால் போதும்.

ஆஃபீஸில் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும் என்கிறார்கள். ஆதாரம் இருக்கிறதா?

பேசிப் பேசி அலுத்துப்போன கேள்வி, ஆனால் இதில் உருப்படியான ஆராய்ச்சி உண்டு. ஸ்டான்ஃபோர்டு பொருளாதாரப் பேராசிரியர் நிக்கலஸ் புளூமும் அவருடைய குழுவினரும் 2010, 2011இல் சீனாவின் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தில் ஒன்பது மாதம் ஒரு சோதனை நடத்தினார்கள். விருப்பம் தெரிவித்த கால் சென்டர் ஊழியர்களைப் பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வாரம் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கொடுத்தார்கள். அவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போகிறவர்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தார்கள்.

வீட்டு வேலையை ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே சோதனையில் இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. சமமாக வேலை செய்தவர்களை ஒப்பிட்டுப் பார்த்தால், வீட்டிலிருந்தவர்களுக்கு ப்ரமோஷன் கிடைக்கும் வாய்ப்பு குறைந்திருந்தது. சோதனை முடிந்து "இனி உங்கள் விருப்பம்" என்றபோது, வீட்டிலிருந்தவர்களில் பாதிப்பேர் ஆஃபீஸுக்கே திரும்பினார்கள். முக்கியக் காரணம் தனிமை.

அந்த நிறுவனம் இப்போது ட்ரிப்.காம். அங்கேயே 2021, 2022இல் புளூம் மறுபடி சோதித்தார். இந்த முறை 1,612 பேர். ஒரு பகுதியினருக்கு வாரம் இரண்டு நாள் வீடு, மற்றவர்களுக்கு முழு வாரமும் ஆஃபீஸ். 2024இல் 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது: அப்ரைசலிலும் ப்ரமோஷனிலும் வித்தியாசம் இல்லை, ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெண்களும், மேனேஜர் அல்லாதவர்களும், தூரத்திலிருந்து வருபவர்களும்தான் இதில் அதிகம் பலன் பெற்றார்கள். சோதனைக்கு முன்பு வேலை குறையும் என்று கணித்த மேனேஜர்கள், முடிந்த பிறகு கருத்தை மாற்றிக்கொண்டார்கள்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஆதாரம் உண்டு. 2020இன் முதல் ஆறு மாதத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 61,182 ஊழியர்களின் தகவல்தொடர்பை ஆராய்ந்ததில், எல்லாரும் வீட்டுக்குப் போனபின் அவரவர் டீமுக்குள்ளேயே பேச்சு சுருங்கியது தெரிந்தது. வேறு டீம் ஆட்களோடு இருந்த தொடர்பு இளைத்துப்போனது. ஆகவே வாரத்தில் சில நாள் சேர்ந்து உட்காருவதற்கு நியாயம் இருக்கிறது. ஐந்து நாளும் வந்தே ஆக வேண்டும் என்று சொல்லும் நிறுவனம், "வேலை நடப்பதில்லை" என்பதைக் காரணமாகச் சொன்னால் தன் சொந்தக் கணக்கை எடுத்துக் காட்டட்டும். காட்டிய நிறுவனத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

என்னை ஆஃபீஸுக்கு வரச் சொல்ல கம்பெனிக்குச் சட்டப்படி உரிமை உண்டா?

பெரும்பாலான நாடுகளில் உண்டு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, வேலை செய்யும் இடத்தை முடிவு செய்வது நிறுவனம்தான். பல நாடுகளில் சட்டம் கொடுப்பது கேட்கும் உரிமையை மட்டுமே. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 6 முதல் வேலையில் சேர்ந்த முதல் நாளே நெகிழ்வான ஏற்பாட்டுக்கு விண்ணப்பிக்கலாம், நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அயர்லாந்திலும் 2024 மார்ச்சில் அதே போன்ற உரிமை வந்தது. நெதர்லாந்தில் ஒரு படி மேலே போய், வீட்டிலிருந்து வேலை செய்யும் கோரிக்கைக்குச் சட்டத்தில் கூடுதல் பலம் கொடுக்க முயன்றார்கள். கீழவையில் நிறைவேறிய அந்த மசோதா 2023இல் மேலவையில் தோற்றது. இந்தியாவில் 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், மகப்பேறு விடுப்பு முடிந்தபின், வேலை அதற்கு ஏற்றதாக இருந்து இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது.

இதெல்லாம் கொரோனாவுக்குப் பிறகு பிறந்த யோசனை அல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996லேயே வீட்டிலிருந்து உழைப்பவர்களுக்காக ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது, 177ஆம் எண். மற்ற தொழிலாளர்களுக்குக் கிடைக்கும் நடத்தை இவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பீடி சுற்றுபவர்கள், துணி தைப்பவர்கள் போன்றவர்களை மனதில் வைத்து எழுதியது. எப்போதாவது வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஊழியர்களுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே சொல்லியிருக்கிறது. ஆனாலும் கொள்கை எழுத உட்காருபவர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

சேரும்போது "பர்மனன்ட் ரிமோட்", அதாவது எப்போதும் வீட்டிலிருந்தே வேலை என்றார்கள். இப்போது வா என்கிறார்கள். என்ன செய்வது?

யார் சொன்னார்கள், எதில் சொன்னார்கள் என்பதுதான் முதல் கேள்வி. இன்டர்வியூவில் வாய்வார்த்தையாகச் சொன்னது, வேலை விளம்பரத்தில் போட்டது, ஆஃபர் லெட்டரில் எழுதியது, மூன்றுக்கும் எடை வேறு. ஆஃபர் லெட்டரை எடுத்து "பணியிடம்" என்ற வரியைப் பாருங்கள். பல கடிதங்களில் அதற்கு அடுத்த வரியே "நிறுவனத்தின் தேவைக்கேற்ப மாற்றப்படலாம்" என்று இருக்கும். அந்த ஒரு வரி பாதி வாதத்தை முடித்துவிடும்.

சட்டம் கைகொடுக்காவிட்டாலும் நியாயம் பேசலாம். அந்த வாக்கை நம்பி ஒருவர் வேறு ஊருக்கு வீடு மாறியிருக்கிறார், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்திருக்கிறார், வீட்டுக் கடன் வாங்கியிருக்கிறார். மனம் மாறியது நிறுவனம், செலவு மட்டும் ஊழியர் தலையிலா? நியாயமான இடங்களில் ஆறு மாதமாவது அவகாசம் கொடுப்பார்கள், இடம் மாறும் செலவில் பங்கு போடுவார்கள், வர முடியாதவருக்கு ஒரு செட்டில்மென்ட் கொடுத்து அனுப்புவார்கள். முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்து "இல்லையென்றால் ராஜினாமா" என்பது கை கழுவுகிற வேலை.

வீட்டிலிருந்தால் ப்ரமோஷன் போய்விடுமா?

போகலாம். 2024இல் டெல் நிறுவனம் இதை மறைக்கவே இல்லை. முழு ரிமோட்டைத் தேர்ந்தெடுப்பவர்களுக்குப் பதவி உயர்வு கிடையாது என்று ஊழியர்களிடம் சொல்லிவிட்டது. எனக்கு அந்த விதி பிடிக்காது, ஆனால் எழுதி வைத்த கெட்ட விதியை எதிர்த்து வாதாடவாவது முடியும். மற்ற இடங்களில் எழுதப்படாமலே இது நடக்கிறது.

எப்படி நடக்கிறது என்று ஒரு மீட்டிங்கைப் பார்த்தால் தெரியும். அறையில் எட்டுப் பேர், திரையில் இரண்டு பேர். மைக் மேஜை நடுவில் இருக்கிறது. ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசுவது திரையில் இருப்பவர்களுக்குப் பாதிதான் கேட்கிறது. அறையில் யாரோ ஜோக் அடிக்கிறார்கள், எல்லாரும் சிரிக்கிறார்கள், திரையிலிருக்கும் இருவரும் என்னவென்று தெரியாமல் சிரித்து வைக்கிறார்கள். வீடியோ கால் முடிகிறது. லேப்டாப்பை மூடியபின் கதவருகே நின்று மூன்று பேர் பேசுகிறார்கள், "அந்தப் புது ப்ராஜெக்டை யாரிடம் கொடுக்கலாம்?" அங்கே நிற்பவர் பெயர்தான் முதலில் வாயில் வருகிறது. இதில் சதி ஏதும் இல்லை, யாருக்கும் கெட்ட எண்ணமும் இல்லை. ஒரு வருடம் கழித்து அப்ரைசலில் திரையிலிருந்தவருக்கு "முன்முயற்சி போதாது" என்று ஒரு வரி வரும்.

பரிகாரம் சின்னச் சின்னது. ஒருவர் ரிமோட்டில் இருந்தால் எல்லாருமே அவரவர் லேப்டாப்பிலிருந்து சேருவது. முடிவுகளை எழுத்தில் பதிவது. வாய்ப்புள்ள ப்ராஜெக்டை டீம் முழுவதற்கும் அறிவித்து விருப்பம் கேட்பது. அப்ரைசல் முடிந்ததும் வீட்டிலிருப்பவர்கள், ஆஃபீஸுக்கு வருபவர்கள் என்று பிரித்து மதிப்பெண்களை ஒப்பிட்டுப் பார்ப்பது. கடைசியாகச் சொன்னது எக்செல்லில் அரை மணி நேர வேலை. செய்ய யோசிப்பார்கள், ஏனென்றால் விடை தெரிந்துவிடும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். நானும் வீட்டிலேயே இருக்கலாமா?

முதல் வருடம் போய் உட்காருங்கள் என்பேன். ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தின் சாஃப்ட்வேர் எஞ்சினியர்களை ஆராய்ந்த பொருளாதார வல்லுநர்கள், டீம் அருகருகே உட்கார்ந்தபோது ஜூனியர்கள் எழுதிய ப்ரோகிராமுக்குச் சக ஊழியர்களிடமிருந்து வந்த கருத்துகள் கூடியதைக் கண்டார்கள். பெண்களுக்கும் அது நன்றாகக் கூடியது. அதற்குச் சீனியர்கள் ஒரு விலை கொடுத்தார்கள், அவர்கள் சொந்தமாக எழுதிய ப்ரோகிராமின் அளவு குறைந்தது.

இதில்தான் ஒரு சிக்கல். ஜூனியரை வரச் சொல்லிவிட்டுச் சீனியர் வீட்டில் இருந்தால், அந்தப் பையனோ பெண்ணோ காலியான வரிசையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதே வீடியோ காலில் பேசிவிட்டுப் போவார்கள். சொல்லிக் கொடுக்க வேண்டியவர் எந்த நாள் வருவார் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லிக் கொடுப்பதும் சீனியரின் அப்ரைசலில் வேலையாகக் கணக்கில் வர வேண்டும். இல்லையென்றால் அவர் ஏன் வருவார்?

என் வேலையை வீட்டிலிருந்து செய்யவே முடியாது. இந்தச் சண்டையில் எனக்கு என்ன இருக்கிறது?

உங்களை யாரும் கேட்பதில்லை என்பது உண்மை. 2020இல் ஜோனதன் டிங்கல், பிரென்ட் நீமன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் போட்ட கணக்குப்படி, அமெரிக்காவிலேயே 37 சதவீத வேலைகளைத்தான் முழுக்க வீட்டிலிருந்து செய்ய முடியும். அவை சம்பளம் அதிகமுள்ள வேலைகளும்கூட. ஏழை நாடுகளில் அந்தப் பங்கு இன்னும் குறைவு. ரிசப்ஷன், செக்யூரிட்டி, லேப், கிடங்கு, உற்பத்திப் பிரிவு எல்லாம் கொரோனா உச்சத்திலும் வேலைக்கு வந்தவர்கள்.

"அவர்கள் வருகிறார்களே, நீங்களும் வாருங்கள்" என்று சில நிர்வாகங்கள் சொல்லும். இது ஒருவர் கஷ்டத்தைக் குறைக்காமல் இன்னொருவர் கஷ்டத்தைக் கூட்டுவது. இடத்தைத் தளர்த்த முடியாத வேலையில் நேரத்தைத் தளர்த்தலாம். ஷிஃப்ட் அட்டவணையை ஒரு மாதம் முன்பே கொடுப்பது, ஷிஃப்டை மாற்றிக்கொள்ள அனுமதிப்பது, நான்கு நீண்ட நாள் வேலை செய்து ஐந்தாம் நாள் ஓய்வு, பயணப்படி. ஹைபிரிட் கொள்கை (சில நாள் வீடு, சில நாள் ஆஃபீஸ்) எழுதும் அதே நாளில் இதையும் எழுதாத நிறுவனத்தில், ஒரு கண்ணில் வெண்ணெய் மறு கண்ணில் சுண்ணாம்பு என்று ஊழியர்கள் பேசுவதில் தப்பே இல்லை.

குழந்தை இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. கல்யாணமாகாத நான் தினமும் வர வேண்டுமா?

இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. பெற்றோருக்கு உதவுவது சரி, அதன் பாரத்தைச் சக ஊழியர் தலையில் ஏற்றுவது சரியில்லை. வயதான அப்பாவைக் கவனிப்பவருக்கும் நேரம் வேண்டும். யாரையும் கவனிக்காமல் மாலையில் படிக்கப் போகிறவருக்கும்தான். அடிப்படை ஏற்பாட்டை எல்லாருக்கும் பொதுவாகக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் தேவைப்படுபவர்களுக்குத் தனியாகக் கூட்டிக் கொடுத்தால் இந்தப் புகைச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

எனக்கு உடல் குறைபாடு இருக்கிறது. இதைச் சலுகையாகக் கேட்க வேண்டுமா?

வேண்டாம், உரிமையாகக் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் குறித்த 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின்படி, நிறுவனத்துக்கு அளவுக்கு மீறிய சுமை இல்லாத மாற்று ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடுதான். அமெரிக்காவின் 1990 சட்டம், பிரிட்டனின் 2010 சட்டம், இந்தியாவின் 2016 சட்டம் எல்லாவற்றிலும் இதே கருத்து உண்டு. வீட்டிலிருந்து வேலை என்பது அந்த ஏற்பாடுகளில் ஒன்றாக இருக்கலாம். ஒவ்வொருவர் நிலைமையையும் தனியாகப் பார்க்க வேண்டும், "எங்கள் பாலிசி மூன்று நாள்" என்பது பதிலாகாது.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாற்றுத்திறனாளிகள் பல வருடம் இதைக் கேட்டபோது தொழில்நுட்பம் இடம் கொடுக்காது, பாதுகாப்பு இடம் கொடுக்காது என்றார்கள். 2020 மார்ச்சில் ஒரே வாரத்தில் எல்லாம் இடம் கொடுத்தது.

கரன்ட் பில், இன்டர்நெட், நாற்காலி செலவெல்லாம் யாருடையது?

ஸ்பெயினில் மூன்று மாத காலத்தில் வேலை நேரத்தின் 30 சதவீதத்துக்கு மேல் ரிமோட்டில் செய்தால் அந்தச் செலவு நிறுவனத்துடையது. போர்ச்சுகலும் 2021 இறுதியில் அப்படிச் சட்டம் போட்டது. வேலை நேரத்துக்கு வெளியே ஊழியரைத் தொடர்புகொள்ளக் கூடாது என்பதையும் சேர்த்தது. சட்டம் இல்லாத இடங்களில் மாதம் ஒரு தொகை என்று பேசி முடிப்பதுதான் வழக்கம். பயணச் செலவு மிச்சமாகிறதே என்ற வாதமும் வரும், அதில் ஓரளவு உண்மை உண்டு.

செலவு குறைந்த ஊருக்குப் போனதால் சம்பளத்தைக் குறைக்கிறார்கள். இது சரியா?

2020 மே மாதம் ஃபேஸ்புக் இதைத் தொடங்கிவைத்தது. இடம் மாறினால் சம்பளம் மாறும் என்று மார்க் ஸக்கர்பெர்க் அறிவித்தார். கூகுள் 2021இல் எந்த ஊருக்குப் போனால் சம்பளம் எவ்வளவு என்று காட்டும் கருவியையே ஊழியர்களுக்குக் கொடுத்தது. ஊருக்கேற்ற சம்பளம் என்பது புதிதல்ல, கிளை அலுவலகங்களில் காலங்காலமாக உண்டு. ஆனால் அதே வேலை, அதே பொறுப்பு, அதே வாடிக்கையாளர் இருக்கும்போது ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கும் சம்பளத்தை வெட்டுவது எனக்கு உறுத்துகிறது. புதிதாகச் சேருபவருக்கு ஊருக்கேற்ற சம்பளம் பேசுவது வேறு, அவர் தெரிந்தே கையெழுத்துப் போடுகிறார்.

கார்டு ஸ்வைப், மவுஸ் அசைவு எல்லாவற்றையும் கண்காணிக்கிறார்கள். இது எல்லை மீறல் இல்லையா?

வருகையைக் கணக்கெடுப்பது தப்பில்லை. கணக்கெடுப்பதை மறைப்பதுதான் தப்பு. எதை அளந்தால் அதைத்தான் மனிதர்கள் கொடுப்பார்கள் என்பதையும் நிர்வாகம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்வைப்பை எண்ணினால் கார்டைத் தட்டி, காபி குடித்து, பத்து பேருக்கு முகம் காட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார்கள். மவுஸ் அசைவை எண்ணினால் மவுஸை அசைக்கும் கருவி வாங்குவார்கள். வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2024இல் கீபோர்டில் வேலை செய்வதுபோல் பாவனை காட்டியதற்காகப் பத்துக்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டு அனுப்பியது. பாவனை காட்டியதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒருவர் முடித்த வேலையைப் பார்த்தே அவர் உழைத்தாரா என்று ஒரு மேனேஜரால் சொல்ல முடியாவிட்டால், அவரை எங்கே உட்கார வைத்தாலும் அதே கதைதான்.

இது ஆட்குறைப்புக்கான மறைமுக வழி என்கிறார்களே?

எல்லா இடத்திலும் அப்படி என்று சொல்ல மாட்டேன். அமேசான் 2024 செப்டம்பரில் ஐந்து நாளும் வரவேண்டும் என்று அறிவித்தபோது, இது செலவைக் குறைக்கும் தந்திரமல்ல என்று தலைமை நிர்வாகி ஆண்டி ஜாஸி மறுத்தார். ஆனால் அதே ஆண்டு பாம்பூ ஹெச்.ஆர். நிறுவனம் அமெரிக்காவில் எடுத்த கருத்துக்கணிப்பில், மேல்மட்ட அதிகாரிகளில் 25 சதவீதம் பேர் திரும்ப அழைத்தால் சிலர் தாமாகப் போய்விடுவார்கள் என்று எதிர்பார்த்ததாக ஒப்புக்கொண்டார்கள்.

நியாயத்தை விட்டுவிட்டுக் கணக்காகப் பார்த்தாலும் இது மோசமான வழி. தாமாகப் போகிறவர் யார்? வெளியே வேலை கிடைக்கக்கூடியவர். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் மாவும் அவருடைய சகாக்களும் பெரிய அமெரிக்க நிறுவனங்களை ஆராய்ந்ததில், கட்டாய அழைப்புக்குப் பிறகு லாபம் குறிப்பிடும்படி உயரவில்லை, ஊழியர் திருப்தி இறங்கியது. பெண்களும் அனுபவசாலிகளும் திறமைசாலிகளும்தான் அதிகம் வெளியேறினார்கள். ஆட்குறைப்பு அவசியமென்றால் அதைப் பெயர் சொல்லிச் செய்து, உரிய இழப்பீட்டைக் கொடுத்து அனுப்ப வேண்டும். ராஜினாமாவாக வாங்கிக்கொண்டால் அந்த இழப்பீடு நிறுவனத்துக்கு மிச்சம்.

மேலதிகாரிகள் மட்டும் வருவதில்லை. கேட்கலாமா?

ஊருக்குத்தான் உபதேசம் என்பதற்குப் பிரபலமான உதாரணம் ஸ்டார்பக்ஸ். ஊழியர்கள் வாரம் மூன்று நாள் வரவேண்டும் என்று விதி இருந்த 2024இல், புதுத் தலைமை நிர்வாகி பிரையன் நிக்கல் தலைமையகம் உள்ள சியாட்டிலுக்குக் குடிமாற வேண்டியதில்லை என்று அவருடைய ஆஃபர் லெட்டரே சொன்னது. கலிஃபோர்னியாவில் அவருக்கு ஒரு சின்ன ஆஃபீஸ், போய்வர கம்பெனி விமானம். அது பொது ஆவணமாக இருந்ததால்தான் உலகம் தெரிந்துகொண்டது. உங்கள் நிறுவனத்திலும் கேட்கலாம், தனியாகக் கேட்காதீர்கள். எல்லாரும் இருக்கும் கூட்டத்தில், பெயர் குறிப்பிடாமல், "இந்த விதி எந்தப் பதவி வரை பொருந்தும்?" என்று ஒரே ஒரு கேள்வியாகக் கேளுங்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்ய எப்படி விண்ணப்பிப்பது?

கஷ்டங்களைப் பட்டியல் போடுவதோடு நிறுத்தாதீர்கள். வேலையைப் பிரித்துக் காட்டுங்கள். உதாரணமாக: "மாதாந்தர அறிக்கை, தணிக்கைச் சரிபார்ப்பு இரண்டும் தனியாகச் செய்பவை. திட்டமிடல் கூட்டமும் புதியவர்களுக்கான பயிற்சியும் நேரில் நடக்க வேண்டியவை. ஆகவே செவ்வாய், வியாழன் ஆஃபீஸுக்கு வருகிறேன், மற்ற நாட்களில் வீட்டிலிருந்து செய்கிறேன். மூன்று மாதம் கழித்துச் சேர்ந்து பரிசீலிப்போம். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும்." கடைசி வாக்கியத்தைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். காரணம் எழுத வேண்டும் என்று தெரிந்தாலே பல மேனேஜர்கள் இன்னொரு முறை யோசிப்பார்கள். பேச்சில் முடிந்தாலும், அன்றைக்கே "நாம் பேசியபடி" என்று தொடங்கி ஒரு மெயில் போட்டு வையுங்கள்.

வரச் சொன்னார்கள், வந்தேன். உட்கார இடமே இல்லை!

சிரிக்காதீர்கள், அமேசானிலேயே சில ஆஃபீஸ்களில் போதிய இடம் தயாராகாததால் ஐந்து நாள் விதியைத் தள்ளிப்போட வேண்டியிருந்தது. காலையில் எட்டு மணிக்கு வந்தவருக்கு மானிட்டர், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஒன்பதரைக்கு வருபவருக்கு கேன்டீன் மேஜை என்பதுதான் பல இடங்களில் நிலைமை. டீம் வரும் நாளில் டீமுக்கு என்று ஒரு வரிசையை ஒதுக்கச் சொல்லுங்கள். அதுவரை இடம் கிடைக்காத நாளில் அந்த இடத்தைப் படம் எடுத்து, ஹெச்.ஆருக்கு மெயில் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள். அந்த நாளையும் வருகையாகக் கணக்கில் எடுக்கச் சொல்லி அதே மெயிலில் எழுதுங்கள்.